மார்ச் 31-இல் முடியாத கணக்கு

மார்ச் கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு இன்ஷூரன்ஸ் கிளை அலுவலகத்துக்குள் போயிருக்கிறீர்களா? கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி இருக்கும். எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். யாரிடம் என்ன கேட்டாலும் "முப்பத்தொண்ணு முடியட்டும்" என்பதுதான் பதில்.

2011 மார்ச்சில் என் தாய்மாமாவோடு அப்படி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மாமாவுக்கு இரண்டு லாரி, உப்பு லோடு. ஒரு வண்டிக்குப் பாலிசி புதுப்பிக்க வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இன்னொரு விஷயமும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தி அவருடைய வண்டி மோதி ஒரு கொத்தனார் இறந்துபோனார். கேஸ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாய்தா வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி வக்கீல் ஏன் வருவதே இல்லை என்று கேட்கத்தான் மாமா முக்கியமாகப் போனார்.

"இயர் எண்ட் அண்ணாச்சி. ஏப்ரல்ல வாங்க, ஃபைலை எடுத்துப் பாப்போம்" என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும் மாமா சொன்னார்: "துட்டு வாங்க நேரம் இருக்கு மருமகனே, துட்டு குடுக்கிற பேச்சுக்குத்தான் நேரம் இல்ல, பாத்தியா."

அன்றைக்கு அதை ஒரு புலம்பலாகத்தான் எடுத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து, மோட்டார் தேர்ட் பார்ட்டி பூல் பற்றிக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. மாமாவின் அந்தப் பழைய பாலிசி வெறும் ஒரு கம்பெனியின் பாலிசி இல்லை. நாட்டின் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் சேர்ந்து சுமந்த ஒரு பொதுத் தொகுப்பில் இருந்த பாலிசி. நாங்கள் அந்த ஆபீஸில் நின்ற அதே மார்ச் மாதத்தில்தான் அந்தத் தொகுப்பின் நாலு வருஷக் கணக்கு ஒரே உத்தரவில் வெடித்திருந்தது.

இந்தப் பூல் ஏன் தோற்றது என்பதற்குப் பொதுவாக மூன்று காரணம் சொல்வார்கள்: பிரீமியம் போதவில்லை, கோர்ட்டுகள் அள்ளிக் கொடுக்கின்றன, போலி க்ளெய்ம்கள் அதிகம். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மாமா வாசலில் நின்று சொன்னது அந்த மூன்றையும்விடச் சரியான விமர்சனம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இந்தப் பூல் நஷ்டத்தைப் பங்கு போட அமைக்கப்பட்டது. நஷ்டம் வருவதை முன்கூட்டிப் பார்க்க அதில் யாருக்கும் கண் வைக்கப்படவில்லை.

பூல் ஏன் வந்தது

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக்கூடாது. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சாவுக்கும் காயத்துக்குமான காப்பீடு அது. இதில் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு.

ஆனால் பிரீமியத்தைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 2007 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டில் பெரும்பாலான கட்டணக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. தேர்ட் பார்ட்டி மட்டும் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.வின் கையிலேயே நின்றது. லாரிகளுக்கு அப்போது அறிவித்த உயர்வும் லாரி உரிமையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு குறைக்கப்பட்டது. அதாவது, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பது கோர்ட்டின் கையில். வாங்கக்கூடியது எவ்வளவு என்பது ஆணையத்தின் கையில். நடுவில் கம்பெனி.

இப்படி இருந்தால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? லாரியைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். சொந்த டூவீலர், கார் என்றால் "வாங்க வாங்க"; பத்து வருஷப் பழைய லாரி என்றால் "மேனேஜர் லீவு." இப்படித் தட்டிக்கழிக்கப்பட்ட வண்டிகள் எல்லாம் அரசுக் கம்பெனிகளின் வாசலில் போய் நின்றன.

இதைச் சரிசெய்ய 2007 ஏப்ரல் 1-இல் பூல் தொடங்கியது. வணிக வாகனங்களின் தேர்ட் பார்ட்டி வியாபாரம் எல்லாக் கம்பெனிகளிடமிருந்தும் ஒரே தொகுப்புக்குப் போகும். நிர்வாகம், அரசின் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. லாபமோ நஷ்டமோ, ஒவ்வொரு கம்பெனியும் தன்னுடைய மொத்தச் சந்தைப் பங்குக்கு ஏற்பச் சுமக்கும். யார் எத்தனை லாரிக்குப் பாலிசி போட்டார்கள் என்பது கணக்கே இல்லை.

இதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மாமா மாதிரி ஆட்களுக்குப் பாலிசி கிடைத்தது. அது முக்கியம். பாலிசி இல்லாத லாரி மோதினால் செத்தவர் குடும்பத்துக்கு யார் பணம் கொடுப்பது? தீர்ப்பாயம் பத்து லட்சம் என்று தீர்ப்பு எழுதலாம். ஒரு லாரி வைத்திருப்பவரிடம் கடன் கட்டாத லாரிதான் இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி பின்னால் நிற்கும்போதுதான் அந்தத் தீர்ப்பு பணமாகும். ஆகவே பூல் வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. வேண்டிய வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு கொத்தனாரின் வருங்காலம்

வருஷக் கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி போடும் கணக்கு மளிகைக் கடைக் கணக்கு மாதிரி கிடையாது. மளிகைக் கடையில் மார்ச் 31 அன்று வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று எண்ணிவிடலாம். இன்ஷூரன்ஸில் வந்த பிரீமியத்தை எண்ணலாம். போகப்போவதை எண்ண முடியாது. விபத்து நடந்திருக்கும், கேஸ் இன்னும் தாக்கலாகியிருக்காது. கேஸ் தாக்கலாகியிருக்கும், தீர்ப்பு வந்திருக்காது. தீர்ப்பு வந்திருக்கும், அப்பீலில் இருக்கும். இதில் முதல் வகைக்கு ஐ.பி.என்.ஆர். என்று பெயர்: நடந்துவிட்டது, ஆனால் நம் காதுக்கு இன்னும் வரவில்லை. இவை எல்லாவற்றுக்கும் இன்றைக்கே மதிப்பிட்டுப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. (மாமாவின் கேஸ் கணக்கு இல்லை இது. நானே எண் வைத்துப் போட்டது.)

2008-இல் 35 வயதுக் கொத்தனார் ஒருவர் விபத்தில் இறக்கிறார். மனைவி, இரண்டு குழந்தைகள். மாத வருமானம் 6,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது. வருஷத்துக்கு 72,000. சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் குடும்பத்துக்குப் போயிருக்கக்கூடியது 48,000. அதை எத்தனை வருஷத்தால் பெருக்குவது? 2009-இல் உச்ச நீதிமன்றம் சர்லா வர்மா வழக்கில் வயதுவாரியாக ஓர் அட்டவணை கொடுத்தது. 31 முதல் 35 வயது வரை 16. ஆக 7,68,000 ரூபாய். கொத்தனார் நிரந்தர வேலையில் இல்லாதவர் என்பதால், உயிரோடு இருந்திருந்தால் கூலி உயர்ந்திருக்குமே என்ற கூடுதலை அந்தத் தீர்ப்பின்படி சாதாரணமாகச் சேர்க்கமாட்டார்கள்.

2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது வேறு. சுயதொழில் செய்பவருக்கும் கூலி உயரத்தானே செய்யும், 40 வயதுக்குக் கீழே இருந்தால் வருமானத்தில் 40 சதவீதம் கூட்டு. நம் கொத்தனார் கேஸ் அதுவரை அப்பீலில் இருந்தால் தொகை 10,75,200 ஆகிவிடும். ஒரே சாவு, ஒரே குடும்பம். மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். மனு போட்ட நாளிலிருந்து ஓடும் வட்டி தனி.

கோர்ட் அள்ளிக் கொடுத்துவிட்டது என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கொத்தனாருக்கும் வருங்காலம் உண்டு என்று கோர்ட் தாமதமாக ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் பூல் பக்கம் நின்று பாருங்கள். 2008-இல் வாங்கிய பிரீமியம் 2017-இன் தீர்ப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, 1994-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு கேஸ் போடக் காலக்கெடுவே இல்லாமல் இருந்தது. விபத்து நடந்த ஊரிலும் போடலாம், குடும்பம் வசிக்கும் ஊரிலும் போடலாம். ஆகவே மார்ச் 31 கணக்கு என்பது அந்த வருஷத்தை மூடுகிற காரியமே இல்லை. வரப்போகிற பத்து வருஷத்தைப் பற்றிய ஒரு வாக்குமூலம்.

அந்த வாக்குமூலத்தை யார் எழுத வேண்டும்? இங்கேதான் பூலின் அமைப்பு உதைக்கிறது.

ஊரார் வீட்டு நெய்

ஒரு கம்பெனிக்கு மொத்தச் சந்தையில் 8 சதவீதப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். அது போட்ட லாரி பாலிசியில் ஒரு க்ளெய்ம் வருகிறது. பாலிசி கொடுத்த கம்பெனிதான் வக்கீல் வைக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், நியாயமான கேஸ் என்றால் சீக்கிரம் சமரசம் பேசி முடிக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யாததால் ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகப் போகிறது. அந்தக் கம்பெனியின் கையை அது எவ்வளவு கடிக்கும்? 8,000 ரூபாய். மீதி 92,000 மற்றவர்கள் தலையில். மறுபக்கம், சிரத்தையாக வேலை பார்த்து ஒரு லட்சத்தை மிச்சம் பிடித்தாலும் அதே 8,000 தான் லாபம். விசாரிக்கிற செலவு அதற்கு மேலே போய்விடும்.

"ஊரார் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே" என்று பழமொழி சொல்வார்கள். இந்தப் பூலை விளக்க இதைவிடச் சுருக்கமான ஆராய்ச்சிக் கட்டுரை தேவையில்லை.

ஊர்க்குளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தண்ணீரைப் பங்கு வைக்க முறை இருக்கும். தூர் வார முறை இல்லையென்றால் பத்து வருஷத்தில் பங்கு வைக்கத் தண்ணீரே இருக்காது. பழைய ஊர்களில் மடை திறப்பதற்கு ஆள் இருந்தது போலவே மராமத்துக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை இருந்தது. பூலில் முதலாவது மட்டும் இருந்தது.

எதிர்காலத்தைக் கணிக்கும் வேலையும் இதே கதைதான். ஒதுக்கீடு சரியாக வேண்டுமென்றால் ஒவ்வொரு கிளையிலிருந்தும் க்ளெய்ம் விவரம் வர வேண்டும்: எந்த வண்டி, எங்கே விபத்து, கேஸ் எந்த நிலையில், எவ்வளவு கேட்கிறார்கள். மாமாவின் ஃபைல் மாதிரி ஆயிரக்கணக்கான ஃபைல்கள். அந்தத் தகவல் கீழிருந்து கிளம்ப வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மார்ச்சில் டார்கெட் பிரீமியம் மட்டும்தான். பழைய கேஸ் ஃபைலைத் திறந்தால் அவருக்குப் பாராட்டும் கிடையாது, திறக்காவிட்டால் திட்டும் கிடையாது. அந்த அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் தன் மேஜைக்கு வந்த கட்டளைப்படி நடந்தார். அந்தக் கட்டளையில் வருங்காலத்துக்கு இடமில்லை.

பத்தொன்பது நாள்

2011 மார்ச் 12. ஐ.ஆர்.டி.ஏ. ஓர் உத்தரவு போடுகிறது. 2007-08 முதல் அந்த வருஷம் வரை பூலின் எல்லா வருஷங்களுக்கும் ஒதுக்கீட்டை 153 சதவீதமாக உயர்த்த வேண்டும். அதாவது 100 ரூபாய் பிரீமியம் வாங்கியிருந்தால் க்ளெய்முக்கு மட்டும் 153 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். அதுவரை கம்பெனிகள் வைத்திருந்தது இதைவிடக் கணிசமாகக் குறைவு. கணக்கு முடிக்க இருந்தது பத்தொன்பது நாள்.

நாலு வருஷமாகச் சேர்ந்த உண்மை ஒரே வருஷத்துக் கணக்கில் வந்து விழுந்தது. பல கம்பெனிகளின் லாபம் நஷ்டமானது. பொறுப்புகளுக்கு மேல் கையிருப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற சால்வன்சி விகிதம் சாதாரணமாக 150 சதவீதம். அதைத் தற்காலிகமாக 130-க்குத் தளர்த்த வேண்டியிருந்தது. லாரி பக்கமே தலைவைத்துப் படுக்காத கம்பெனிகூடச் சந்தைப் பங்குக்கு ஏற்ப நஷ்டத்தைச் சுமந்தது. பாதிக்கு மேல் சந்தை அப்போது நான்கு அரசுக் கம்பெனிகளிடம். ஆகவே பாதிக்கு மேல் நஷ்டம் நம் எல்லோருடைய பணம்.

அடுத்த மாதமே தேர்ட் பார்ட்டி பிரீமியம் உயர்ந்தது. சரக்கு வாகனங்களில் சில வகைகளுக்கு 60 சதவீதத்துக்கு மேல். இதில் ஒரு நியாயப் பிரச்சினை இருக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. 2007-இல் லாரி ஓட்டியவர் குறைந்த பிரீமியம் கட்டிவிட்டுப் போய்விட்டார். 2011-இல் புதிதாக லாரி வாங்கியவர் ஒரே அடியில் உயர்வைச் சந்தித்தார். வருஷா வருஷம் ஐந்தும் பத்துமாக ஏறியிருந்தால் வாடகையில் சேர்த்துச் சமாளித்திருக்கலாம். முன்கூட்டிப் பார்க்காததன் விலையை எப்போதும் கடைசியாக வந்தவர்தான் கொடுக்கிறார்.

கதை அதோடு நிற்கவில்லை. பிரிட்டன் அரசின் ஆக்சுவரி துறையை வைத்துப் பூலின் கணக்கைப் பரிசோதிக்கச் செய்தார்கள். 153-உம் போதாது என்று வந்தது. 2011 டிசம்பரில் பூலையே கலைக்க உத்தரவு. 2012 மார்ச் 31-இல் அது முடிந்தது. அந்தக் கூடுதல் சுமையை மூன்று வருஷத்தில் பிரித்துக் காட்டிக்கொள்ளலாம் என்ற சலுகை வந்ததும் அந்த மார்ச் மாதத்தில்தான். மறுபடியும் மார்ச்!

ஆணையம் 2011-இல் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். மறைந்திருந்த பள்ளத்தைக் காட்டியாக வேண்டும். என் விமர்சனம் வேறு: 2008 மார்ச்சிலும் 2009 மார்ச்சிலும் 2010 மார்ச்சிலும் இதே பள்ளம் அங்கேதான் இருந்தது. அந்த மூன்று மார்ச்சிலும் எல்லோரும் ஓடியோடி வேலை பார்த்தார்கள். கணக்கு நேரத்துக்கு முடிந்தது, கையெழுத்தானது. பரபரப்பு இருந்ததாலேயே வேலை நடந்த மாதிரி ஒரு தோற்றம். இயர் எண்ட் அவசரம் என்பது சோம்பலுக்கு நேர் எதிர் என்று நினைக்கிறோம். சில சமயம் அது சோம்பலின் இன்னொரு வேஷம்.

அப்புறம் என்ன மாறியது

2012 ஏப்ரல் 1-இல் வேறொரு பூல் வந்தது: கம்பெனிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய வணிக வாகனங்களுக்கு மட்டும். முக்கியமான மாற்றம், பாலிசி கொடுத்த கம்பெனி 20 சதவீதத்தைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே, ஒவ்வொரு கம்பெனியும் குறைந்தபட்சம் இவ்வளவு லாரி பாலிசி போட்டே ஆகவேண்டும் என்ற ஒதுக்கீடு. நெய்யில் கொஞ்சமாவது சொந்த வீட்டு நெய் கலந்தது. 2016 ஏப்ரலோடு அந்தப் பூலும் போய், குறைந்தபட்ச ஒதுக்கீடு மட்டும் நின்றது. பிரீமியமும் சில வருஷம் சின்னச் சின்னப் படிகளாகத் திருத்தப்பட்டது. இவை சரியான பாடங்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி கேட்க வேண்டிய மாற்றமும் ஒன்று உண்டு. 2019 சட்டத் திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று கெடு வைத்தது. கம்பெனிக் கணக்குக்கு இது வசதிதான், வருங்காலம் குறுகுகிறது. ஆனால் யாருடைய நேரத்தை வெட்டி அது குறுகுகிறது? புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, எந்தக் கோர்ட், எந்த வக்கீல் என்றுகூடத் தெரியாமல் நிற்கிற ஒரு பெண்ணின் நேரத்தை. அதே நாளில் நடைமுறைக்கு வந்த விதிகளில், போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. முன்கூட்டித் திட்டமிட நிஜமாக உதவுவது இதுதான். தகவல் சீக்கிரம் வந்தால் கம்பெனி சீக்கிரம் மதிப்பிடலாம், சீக்கிரம் கொடுக்கலாம். கெடுவை வைத்து மனுவைத் தடுப்பது திட்டமிடல் ஆகாது.

பொதுத் தொகுப்பு என்ற யோசனை நம்மை விட்டுப் போகவில்லை. பயங்கரவாதச் சேதத்துக்கு 2002 முதல் ஒன்று இருக்கிறது. அணு உலை விபத்துப் பொறுப்புக்கு 2015-இல் 1,500 கோடி ரூபாய் அளவில் ஒன்று வந்தது. தனியாக யாராலும் சுமக்க முடியாத ஆபத்துக்கு அது நல்ல வழி. அடுத்த முறை ஏதாவது ஒரு பூல் பற்றிச் செய்தி வந்தால், எத்தனை கோடி என்ற எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய ஃபைலைத் திறந்து பார்க்க அங்கே யாருக்குச் சம்பளம், திறக்காவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று தேடிப் பாருங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பூலுக்கும் ஒரு மார்ச் 12 காத்திருக்கிறது.

மாமாவின் கேஸ் 2014-இல் முடிந்தது. கம்பெனி பணம் கட்டியது. மாமா கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. பூல் இருந்ததால் கிடைத்த பாலிசி, பூல் போன பிறகும் காப்பாற்றியது. அதையும் எழுதி வைப்பதுதான் நியாயம். தீர்ப்பு நாளில் கோர்ட் வராந்தாவில் அந்தக் கொத்தனாரின் மகனைப் பார்த்ததாக மாமா சொன்னார். விபத்து நடந்தபோது ஆறாவது படித்துக்கொண்டிருந்த பையன். இப்போது அப்பாவின் வேலைக்கே போய்க்கொண்டிருந்தான்.

"அந்தத் துட்டு அப்பவே வந்திருந்தா படிச்சிருப்பான் மருமகனே" என்றார் மாமா.

எந்த வருஷத்துக் கணக்கிலும் அது ஏறவில்லை.